நான்கு பேர் வீடு

பாலிக் புலாவில் ஜாதிக்காய்த் தோட்டத்தை ஒட்டி நிற்கும் இந்தப் புது வீட்டில் ஏர்கோன் இல்லை, காற்றாடியும் இல்லை. கூரையை உயர்த்தி, காற்று வரவும் போகவும் வழிவிட்டு யோகலட்சுமி வரைந்த வீடு. மாலை வெயில் அகன்ற இறவாரத்தைத் தாண்ட முடியாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் கறுப்புச் சாயம் பூசிய ஒரு பால்மாவு டின், அதற்குள் எரியும் பல்பு. டின்களில் அப்பா, அம்மா, அக்கா, தம்பி என்று சாக்பீஸால் அவளே எழுதியிருக்கிறாள். மூன்று வாரமாக வெளியே நின்று, ஜன்னல் வழியாக வெப்பமானியைப் பார்த்து நோட்டில் குறிக்கிறாள். பக்கத்துத் தோட்டத்து நல்லம்மாள் மூடிய கிண்ணத்தில் மீ கோரெங் நூடுல்ஸ் கொண்டுவருகிறாள். “ஆளே இல்லாத வீட்ல யாருக்கு லைட்டு?” “ஒரு பல்பு ஒரு ஆளோட சூடு, அக்கா. நாலு பேர் இருந்தாலும் வீடு சூடாகாம இருக்கான்னு பார்க்கணும்.” “மழை வருது. உள்ள போய் சாப்பிடு லா.” “நான் உள்ள போனா ஒரு ஆள அணைக்கணும், அக்கா. இல்லேன்னா அஞ்சு பேராயிடும்.” நல்லம்மாள் கிண்ணத்தை அவள் கையில் வைத்துவிட்டுத் தன் வீட்டைப் பார்த்து ஓடுகிறாள். சாரல் இறவாரத்துக்குள்ளும் வீசுகிறது. யோகலட்சுமி நோட்டை நனையாமல் இடுக்கிக்கொண்டு உள்ளே போகிறாள். நான்கு சுவிட்சுகளின் முன் கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு அம்மாவை அணைத்து, டின்னைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்கிறாள். பலகை இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது.