தோள் மாற்றும் இடம்

கெடார் தெருவில் போட்ட ஷாமியானாவிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அப்பாவைப் பாடையில் கிடத்தியாயிற்று. சுவரோரம் கலைப்பிரியா மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறாள். மழையில் ஆம்புலன்ஸ் கேட்டு அழைப்புகள் குவிய, அவற்றை வாங்கும் மென்பொருள் திணறுகிறது. அதைப் புதுப்பிக்க இன்றைக்கு இவள் ஒருத்திதான். சர்வரில் கண்டெய்னர் எனப்படும் மென்பொருள் பிரதிகளில் புதியது ஒன்று எழுந்து நின்று அழைப்புகளை ஏந்திய பிறகே பழையது ஒன்று அணைகிறது. மாறிய ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு பச்சைப் புள்ளி வருகிறது. "தூக்கப் போறோம் கலை, ஜல்தியா வா" என்கிறான் அண்ணன் செல்வகுமார். "கடைசி ஒன்னுண்ணா. நடுவுல வுட்டா, போன் பண்ற யாருக்கோ லைனே கெடைக்காது." அந்தப் புள்ளியும் பச்சையாகிறது. லேப்டாப்பை மூடிவிட்டுப் பாடைக்குப் பின்னால் பெண்களோடு நடக்கிறாள். தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும், நிற்கிறார்கள். அங்கே சேற்றில், பாடையைச் சுமந்து வரும் அண்ணனின் கால் வழுக்குகிறது, மூங்கில் ஒரு பக்கம் சாயப் பார்க்கிறது. கலைப்பிரியா நிற்கவில்லை. நேராகப் போய் அவன் தோளை ஒட்டித் தன் தோளைக் கொடுக்கிறாள். பாரம் எலும்பில் இறங்குகிறது. பெண் பாடை சுமப்பதைப் பார்த்துச் சாவு மேளம் நின்றுவிடுகிறது. "புடிச்சிக்கினேன். இப்ப நீ தோள எடுண்ணா." அவன் தோளை எடுக்கிறான். பாடை தாழவே இல்லை.