சாக்பீஸ் வட்டம்

"ஆபத்தா எதைப் பார்த்தாலும் சுத்தி ஒரு வட்டம் போட்டுடுங்க. யார் போட்டதுன்னு கேக்கவே மாட்டேன்" என்று தலைமையாசிரியை பிள்ளைகளிடம் சொன்ன நாளிலிருந்து, பள்ளியில் ரிப்பேர் பார்ப்பவருக்குக் கை ஓயவில்லை. ஆடும் பெஞ்சு, பெயர்ந்த தரை என்று எங்கும் சாக்பீஸ் வட்டம். சரிசெய்து, வட்டத்தை அழித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

கோடை விடுமுறையில் வகுப்பறைப் பூட்டைத் திறந்தவர் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறிக்கு மேலே, கூரையில் ஒரு வட்டம்.

"அவ்வளவு உயரத்துக்கு எந்த வாலு ஏறிச்சு?" என்று சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினார். போல்ட்டு கழலும் நிலையில் இருந்தது. இறுக்கிவிட்டு வட்டத்தை அழித்தார்.

இறங்கக் குனிந்தபோது, சற்றுமுன் மிதித்து ஏறிய நடுப்படியில் ஒரு வட்டம் இருந்தது. சாக்பீஸ் தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

அந்தப் படியைத் தாண்டிக் கால் வைத்து இறங்கினார்.

"நல்லா இரு, கண்ணு" என்றார், காலிப் பெஞ்சுகளைப் பார்த்து.