ரத்தம் கொடுக்க வந்தவர்கள்

மதியம் மூன்றேகாலுக்கு அவர் நாயின் முகவாயில் கறுப்புச் சாயம் தடவி முடித்தார்.

மீசைக்கு வாங்கியது. மீசையை எடுத்துவிட்ட பிறகு மிச்சமிருந்தது.

அரை மணி நேரம் ஊறினால்தான் பிடிக்கும் என்று டப்பாவில் போட்டிருந்தது. தடியன் பத்து நிமிடம்கூட முகத்தைக் கொடுக்கவில்லை. நக்கிவிடாமல் தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தார். நரை மறைந்திருந்தது.

அவரும் சலவைச் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

டாக்ஸிக்காரர் நாயைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"நாயெல்லாம் ஏத்தறதில்லை ஐயா. சீட்டு பூரா முடியாயிடும்."

"ரத்தம் கொடுக்கப் போறான்ப்பா. நாய் ஆஸ்பத்திரிக்கு. அவசரம்."

"நாய்க்கு நாய் ரத்தம் கொடுக்குமா?" டாக்ஸிக்காரர் தடியனை மேலும் கீழும் பார்த்தார். "என் மச்சான் ஒருத்தன் இருக்கான், ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுவான். நீ ஏறுப்பா ராசா. முன்னாடியே உட்காரு."

தடியன் முன்சீட்டில் உட்கார்ந்தான். அவர் பின்னால் ஒடுங்கிக்கொண்டார்.

வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே பறந்தது. தனக்காக ஒரு வண்டி இவ்வளவு வேகமாகப் போவது அவருக்கு நன்றாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து எப்போதும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். "வீட்லதான் இருக்கீங்களா? உடனே வர முடியுமா?" வேறு யாரும் அவரை இப்படிக் கேட்டு வெகுகாலமாகிவிட்டது.

போனால் தடியனின் கழுத்தில் ஒரு கையகலம் முடி மழிப்பார்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து, பை நிறையும்வரை அவர் அவன் தலையைப் பிடித்திருக்க வேண்டும். அசையாமல். மற்றவர்கள் பிடித்தால் தடியன் படுக்கமாட்டான். முடிந்ததும் அவனுக்கு டின் சாப்பாடு. அவருக்குத் தேநீர்.

ஒரு தடவை, பிழைத்துக்கொண்ட நாயின் சொந்தக்காரி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்க யாரோ எவரோ என்று சொல்லி அழுதாள்.

யாரோ எவரோ. அதுகூட அவருக்குப் பிடித்திருந்தது.

எட்டு வயதைத் தாண்டிய நாயிடம் எடுக்கமாட்டார்கள். வயது கேட்கும்போதெல்லாம் அவர் ஏழு என்பார். தடியனுக்கு ஏழு முடிவதாகவே இல்லை.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே புது முகம். அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த நர்ஸ், தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள்.

"ரத்தம் கொடுக்க வந்திருக்கோம்மா. இவன் வழக்கமா வர்றவன்தான்."

"அப்படியா அங்கிள்? இப்பத்தான் ஷிப்ட் மாறுச்சு, என்கிட்ட ஒண்ணும் சொல்லல. வாங்க, எடையைப் பாத்துடலாம்." குனிந்து தடியனின் காதை வருடினாள். "என்ன மாப்பிள்ளை, இவ்வளவு மினுமினுப்பு?"

எடை சரியாக இருந்தது. இதயத்தைக் கேட்டாள். சற்று அதிக நேரம் கேட்டாள். பிறகு ஈறின் நிறம் பார்க்க உதட்டைத் தூக்கினாள்.

வெள்ளைக் கையுறையின் விரல்கள் கறுத்தன.

அவள் விரல்களைப் பார்த்தாள். பஞ்சை ஈரமாக்கி முகவாயில் ஒரு முறை இழுத்தாள். நரை வந்தது. இன்னொரு முறை இழுத்தாள்.

"ஐயோ அங்கிள், மேக்கப்பா?" என்று சிரித்தாள். அவர் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். "இவனுக்கு உண்மையா என்ன வயசு?"

"பத்து முடிஞ்சுது."

"இந்த வயசுல எடுத்தா தாங்கமாட்டான். மயக்கம் போட்டுட்டா எழுப்பவே முடியாமப் போயிடலாம்."

அது தெரியும் என்று அவர் சொல்லவில்லை. தடியன் அவர் காலின் மேல் உட்கார்ந்துகொண்டான். அவன் அப்படித்தான் உட்காருவான், பாதத்தின் மேல், முழு எடையையும் போட்டு.

"கொஞ்சமா எடுத்துக்கக் கூடாதாம்மா?" என்றார். "உள்ள ஒரு உயிர் காத்துக்கிட்டு இருக்குமே."

நர்ஸின் முகம் இளகியது.

"இருங்க. எந்தக் கேஸுன்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரேன். அவசரமா வேற நாய்க்குச் சொல்லணும்ல."

இருபுறமும் ஆடும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் காத்திருந்தார். நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒரு மூலையில் கூடைக்குள்ளிருந்து ஒரு பூனை அவரைப் பார்த்தது. அதன் சொந்தக்காரர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கைச் சுருக்கவைக்கும் மருந்து வாடை. எங்கும் யாரும் ஓடவில்லை.

டாக்டர் திட்டுவார். திட்டட்டும். வயதை மறைத்தது தப்புதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் தடவை வாய்தவறிச் சொன்னது, பிறகு மாற்றக் கூச்சமாக இருந்தது என்று சொல்லலாம். இனி ரத்தம் வேண்டாம், நடுங்குகிற நாய்களின் தலையைப் பிடித்துக்கொள்ளவாவது கூப்பிடுங்கள் என்று கேட்டுப்பார்க்கலாம். அதை எப்படிக் கேட்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

நர்ஸ் திரும்பி வந்தாள். டாக்டர் வரவில்லை.

அவள் கையுறையைக் கழற்றியிருந்தாள். நின்றபடி பேசாமல், ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூனைக்காரருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

வயதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

"அங்கிள், உள்ள யாருக்கும் ரத்தம் தேவைப்படல. ரெண்டு மாசமாவே நாங்க எந்த நாயையும் வரச் சொல்லலையாம். இன்னிக்கு உங்களை யார் கூப்பிட்டது?"