சாமி தொடாத ஜாடி

சபரிமலைக்கு மாலை போட்ட அன்றே தனஞ்செயன், வீட்டில் பீர் காய்ச்ச வளர்த்துவந்த ஈஸ்ட் ஜாடியை மனைவி பூங்கோதையின் தலையில் கட்டிவிட்டான். விரதம் முடியும்வரை அவன் அதைத் தொடக்கூடாதாம். தீனி போடாமல் விட்டால் மூன்று வருடமாக வளர்த்தது செத்துவிடுமாம். விடியுமுன் தலைக்குக் குளித்து, சாமிக்கு வெங்காயமில்லாமல் சமைத்து, அது போதாதென்று அவள் ஈஸ்ட்டுக்குத் தீனியாக மால்ட் பொடியைக் கொதிக்கவைத்து, ஆற்றி, ஜாடியில் ஊற்றிக் குலுக்கவும் வேண்டும். அவன் கறுப்பு வேட்டியோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுக்களை வாசலில் நிற்பான். “இன்னும் குலுக்கு. நுரை வருதா?” “ஏன் சாமி, நல்லா பொங்கணும்னு ஐயப்பன்கிட்டயே வேண்டிக்கிறதுதானே?” “கிண்டல் பண்ணாத. மலையிலேர்ந்து வந்ததும் காய்ச்சணும்.” வந்ததும்! அவன் குடிக்காத இந்த ஒரு மாதமாகத்தான் அவளுக்குச் சண்டையில்லாமல் சோறு இறங்குகிறது. முப்பதாம் நாள், தீனி போட்ட கையோடு மூடியை இறுக்கி, ஜாடியை அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளினாள். அன்று சாயங்காலம் அவன் வேலையிலிருந்து திரும்பியதும், “அது செத்துப்போச்சு சாமி. கொட்டிட்டேன்” என்றாள். கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் கழுத்து மாலையின் மணிகளை உருட்டினான். “அப்ப இதைக் கழட்டி மட்டும் என்ன பண்ணப்போறேன்? இப்படியே இருந்துடறேன்.” அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் மூடி டொப்பென்று எகிறி விழுந்து, தரையில் உருண்டு ஓய்ந்தது. “எலி” என்றாள் பூங்கோதை. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “எலிதான்” என்றான்.