நான்காவது குப்பி

நான்கு கண்ணாடிக் குப்பிகளையும் மேசையில் வைத்தாள். வைத்த வேகத்துக்கு ஒரு குப்பியாவது உடைந்திருக்க வேண்டும்.

உடையவில்லை. அதற்கும் எரிச்சல் வந்தது.

ஒவ்வொன்றிலும் தண்ணீரில் கலந்த கரும்பழுப்புத் தூள். கோபால்ட் ஃபெரைட் என்ற காந்தப் பொருள், நானோ அளவில். குப்பிக்குக் குப்பி துத்தநாகம் கொஞ்சம் கூடுதல்.

துத்தநாகத்தைக் காந்தம் சீண்டாது. ஆனாலும் அளவாகச் சேர்த்தால் ஃபெரைட்டின் காந்த வலு ஏறும். மூன்றாவது குப்பி வரை ஏறியது.

நான்காவதில் படுத்துவிட்டது.

எங்கே விழுகிறது, ஏன் விழுகிறது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு.

அவளுடைய நெறியாளர் ஞானப்பிரகாசம், சேர்க்கச் சேர்க்க ஏறும் என்று ஊரெல்லாம் பேசிவிட்டு வந்திருந்தார். இன்று நிதிக் குழு வருகிறது. காந்தத்தைக் குப்பியில் ஒட்டிப் பிடித்துக் காட்டுவார். தூள் பாய்ந்து வர வேண்டும்.

காலையிலேயே சொல்லிவிட்டார்.

"நாலாவதைக் கொட்டிட்டு அதுல மூணாவதை ஊத்தி வச்சிடும்மா. யாரு பாக்கப் போறா?"

"அது பொய் சார்."

"உன் தீசிஸ்ல நான்தான் கையெழுத்துப் போடணும். பாத்துக்கோ."

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான்காவது குப்பியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். மூடியைத் திறந்தாள். குழாயையும் திறந்தாள்.

இந்தத் தூளுக்காக அமிலப் புகையில் இருமிய இருமல் எல்லாம் தொண்டைக்கு வந்தது. பொய் சொன்னவர் மாலை போட்டுக்கொள்வார். உண்மையைச் சொன்ன தூள் சாக்கடைக்குப் போக வேண்டுமாம்.

குழாயை மூடினாள்.

குழு வந்தது. முதல் குப்பியில் தூள் மெல்ல நகர்ந்தது. இரண்டாவதில் ஓடியது. மூன்றாவதில் பாய்ந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டது. தலைகள் ஆடின.

ஞானப்பிரகாசம் காந்தத்தைக் குழுத் தலைவியிடம் நீட்டினார்.

"கடைசியை நீங்களே பிடிச்சுப் பாருங்க மேடம்."

அந்த அம்மாள் பிடித்தார்.

காத்திருந்தார். காந்தத்தைத் திருப்பிப் பிடித்தார்.

எதுவும் நகரவில்லை.

ஞானப்பிரகாசம் அவளைப் பார்த்தார். இப்போது சிரிப்பு இல்லை. அவளும் பார்த்தாள், கண்ணை எடுக்காமல்.

"இது மட்டும் ஏன் வரலை?" என்றார் தலைவி.

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்டதில்லை.

ஞானப்பிரகாசம் வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னால் வந்து நின்றாள்.