மடக்கி வைத்த கண்ணாடி

நம்பினால் நம்புங்கள், தணிகைவேலின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு கண்ணாடிகள் பேசிக்கொள்ளும். உள்ளே தொங்கும் கண்ணாடிக்கு வெள்ளிக்கிழமைதோறும் மல்லிகைச் சரம். தணிகைவேல் தலைவாருவதும் அதைப் பார்த்துத்தான். வெளியே இடப்பக்கம் இருந்த கண்ணாடியையோ, ஆட்டோக்காரர்கள் உரசிவிடுவார்கள் என்று அவர் மடக்கியே வைத்திருந்தார். ஒரு தரம் என்னையும் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று அதற்கு வயிறு எரியும்.

ஒருநாள் ரோட்டில் போகும்போது தணிகைவேல் காரை இடப்பக்கம் ஒதுக்கப் போனார். உள் கண்ணாடி பதறியது.

"தங்கச்சி, கார் முதுகுல ஸ்டைலுக்கு வச்சிருக்கிற இந்த இறக்கை பின்னால எல்லாத்தையும் மறைக்குது. உன் பக்கம் ஏதாச்சும் வருதா?"

மடங்கிக் கிடந்த இடுக்கு வழியே தண்ணி லாரி நெருங்குவது இடக் கண்ணாடிக்குத் தெரிந்தது. 'இன்னிக்கு மாட்டுனியா மகாராணி' என்று நினைத்துக்கொண்டு, "ஈ காக்கா இல்லக்கா, தைரியமாப் போகட்டும்" என்றது.

டமார்! லாரி உரசியதில் இடக் கண்ணாடியே பிய்ந்து ரோட்டில் விழுந்தது. தணிகைவேல் ஓடிவந்து அதைக் கையில் எடுத்தார், உற்றுப் பார்த்தார், கலைந்த தலையைக் கோதிக்கொண்டார்.

விரிசல் விட்டிருந்தாலும் அதற்கு வயிறு குளிர்ந்தது. மல்லிகைச் சரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த அக்காவுக்குத்தான் முதல் தடவையாக வயிறு எரிந்தது.