சிவப்புக் கட்டம்

"இன்னைக்கும் ஜாக்லின் ஆத்தப் பத்திதான் போட்டிருக்கா," என்றாள் யோகேஸ்வரி. கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

"எந்த ஜாக்லின்?" என்றான் கணவன் ரூபேந்திரன்.

"சிகாமட் ஜாக்லின். நாவலப் பத்தியெல்லாம் நல்லா எழுதுவாளே, அவதான்."

'தென்முனை' மலேசியாவின் ஜொகூர்த் தமிழர்களின் வலைப்பதிவுத் திரட்டி. நாற்பத்திரண்டு பேர் அவரவர் வலைப்பதிவில் எழுதுவதெல்லாம் அந்த ஒரே பக்கத்தில் வந்து சேரும். செனாயில் தொழிற்சாலை வேலை போக மிச்ச நேரத்தில் அதைக் கட்டி மேய்ப்பவள் யோகேஸ்வரி.

புத்தகம், எழுத்து தவிர வேறெதற்கும் இடமில்லை என்பது அங்கே இரண்டாவது விதி. அது மட்டும் இல்லையென்றால் பக்கம் முழுக்கப் பிறந்தநாள் கேக்கும் ராசிபலனும்தான் இருக்கும் என்பாள். உண்மைதான், ஒரு காலத்தில் இருந்தது.

இப்போது நாலு நாளாக ஜாக்லின் எழுதுவது இவ்வளவுதான்: 'பாலத் தூணில் இரண்டாவது கோடு. மழை விடவில்லை.'

யாரோ ஒருவர் அதைப் புதுக்கவிதை என்று நினைத்து, 'ஆழமான வரிகள்' என்று பாராட்டிவிட்டுப் போயிருந்தார்.

சபாபதி அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை. சிகாமட்டில் டயர் கடை வைத்திருப்பவர், திரட்டியில் ஒரு வரி விடாமல் படிப்பவர். நாலு நாளும் புகார் அனுப்பிவிட்டார். 'விதி இரண்டு மீறல். நடவடிக்கை தேவை.'

புகார் வந்த பதிவு சிவப்புக் கட்டத்துக்குள் பக்கத்தின் உச்சிக்குப் போய்விடும். யோகேஸ்வரி முடிவு சொல்லும்வரை அங்கேயே நிற்கும். ஒரு நாள் நிற்கட்டும், நாலு பேர் பார்த்துக் கருத்துச் சொல்லட்டும் என்று அவளே செய்த ஏற்பாடு அது. தினமும் வேலை முடிந்து வந்ததும் அவள் ஜாக்லினின் முந்தின நாள் பதிவை நீக்கிவிட்டு, கண்டித்து ஒரு கடிதமும் போடுவாள். ஜாக்லின் பதிலே எழுதுவதில்லை. மறுபடி அதே ஆறு, அதே தூண்.

"ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றாள் கணவனிடம். "பதிவு சாயங்காலம் ஆறு முப்பது. புகார் ஆறு முப்பத்தொண்ணு. நாலு நாளும் அப்படியே."

"காத்துக்கிட்டே உக்காந்திருப்பாரு போல."

"பிடிக்காத ஒண்ணுக்கு யாராச்சும் காத்துக்கிட்டு உக்காருவாங்களா?"

"ஒரே ஊரு. ஏதாச்சும் பழைய சண்டையா இருக்கும் லா."

இருக்கலாம். ஆனாலும் விதி விதிதானே. ஜாக்லினின் வலைப்பதிவையே திரட்டியிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். ஒரே நிமிடத்தில் புகார் அனுப்பும் அவசரம் எதற்கு என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் சேர்ந்துகொள்ள, முதலில் சபாபதியை அழைத்தாள்.

"அண்ணே, யோகேஸ்வரி பேசறேன். நீங்க கேட்ட மாதிரியே முடிவு பண்ணிட்டேன். ஜாக்லின் வலைப்பதிவ இன்னையோட எடுத்துடறேன்."

அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம் நின்றது.

"அலமாக். வேணாம்மா, எடுத்துடாதீங்க."

"நாலு நாளா நடவடிக்கை, நடவடிக்கைனு எழுதினது நீங்கதானே?"

"எழுதினேன்தான். எடுப்பீங்கனு நெனைக்கலையே. வழக்கமா அந்தப் பதிவ மட்டும் நீக்கி, கண்டிச்சு எழுதறதோட விட்டுடுவீங்க."

"அப்ப எதுக்குண்ணே புகாரு?"



"ஆத்தோரம் கீழ்க்கம்பத்துல இருபது வீடும்மா. தண்ணி மூணாவது கோட்டுக்கு வந்தா சாமானத் தூக்கணும். நாலாவதுனா ஆளே கெளம்பணும். ஜாக்லின் கிளினிக் வேலை முடிஞ்சு அந்தப் பாலத்து வழியாத்தான் வருது. பாத்து, தென்முனையில வர்ற மாதிரி போடுது."

"தென்முனையில எதுக்கு?"

"போன வருஷம் இங்க நடந்த ஒன்றுகூடல்ல நீங்கதானே வந்த ஊர்க்காரங்க எல்லாரு போன்லயும் அத மொத பக்கமா வெச்சுக் குடுத்தீங்க. கீழ்க்கம்பத்துல பாதிப் பேருக்கு அது ஒண்ணுதான் தொறக்கத் தெரியும்."

"வாட்சாப்ல போடலாமே?"

"அதுல ஒரு நாளைக்கு நானூறு குட்மார்னிங் வருதும்மா. அதுக்குள்ள ஆத்த எங்க தேடறது?"

"சரி, பதிவுதான் வந்துடுதே. அதுமேல புகார் எதுக்கு?"

"கவிதைப் போட்டி நடக்குதில்ல? அரை மணி நேரத்துல முப்பது கவிதை வந்து அத கீழ தள்ளிடுது. புகார் குடுத்தாத்தான் சிவப்புக் கட்டம் போட்டு உச்சில நிக்குது. மறுநாள் நீங்க வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் ராத்திரி யார் எப்பத் தொறந்தாலும் மொதல்ல தெரியுது."



"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே."

"ஜாக்லின் போன வருஷமே கேட்டுச்சேம்மா. நீங்க ரெண்டாவது விதிய அனுப்பி வெச்சீங்க."

போனை வைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கடிதம் ஞாபகம் வந்தது; இரண்டு வரி, கீழே விதி. இப்போது விதியை மாற்ற வேண்டுமென்றால் ஜனவரிக் கூட்டத்தில் நாற்பத்திரண்டு பேரும் வாக்களிக்க வேண்டும். அதுவும் அவள் செய்த ஏற்பாடுதான்.

அன்று அவள் எதையும் நீக்கவில்லை.

மறுநாள் தொழிற்சாலை பஸ்ஸில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஆறரைக்கு ஜாக்லினின் பதிவு வந்தது: 'மூன்றாவது கோடு.'

ஆறு முப்பத்திரண்டுக்குச் சபாபதி பதறிப்போய் அழைத்தார்.

"என் புகார ஏத்துக்க மாட்டேங்குதும்மா. ஏற்கெனவே யாரோ குடுத்துட்டாங்களாம்."

"நான்தாண்ணே குடுத்தேன்," என்றாள் யோகேஸ்வரி. "மழை விட்டதும் விசாரிக்கிறேன்."